பிழைத்தவள்

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த இருமலில் ஒன்று கூடுதலாக இருந்தது. ஜீவராணி மூன்று முறை இருமினாள். அங்கே நான்கு முறை கேட்டது.

தொழிலாளர் லயத்தின் வரிசையில் ஒட்டியிருந்த அந்த ஓரறைக் காம்பராவில் ஆள் இல்லை. ஜீவராணிக்கு எயிட்ஸ் என்று தோட்டத்தில் தெரியவந்த அன்றே பக்கத்துக் காம்பரா யோகராஜ் குடும்பம் பூட்டைப் போட்டுவிட்டு மேல் லயத்துக்குப் போய்விட்டது. கங்காணி அவளையும் போகச் சொன்னார். "நானும் இந்தத் தோட்டத்துல பொறந்தவதாங்க. எங்கயும் போறதா இல்ல" என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடியற்காலை வழக்கம்போல் ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போனாள்.

மூன்று நாளைக்கு முன்புதான் கிளினிக்கில் டொக்டர் விமலாதேவி கதிரையை அருகில் இழுத்துப் போட்டுப் பேசினார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"உங்கட உடம்பில ரெண்டு கிருமி இருக்கு, ஜீவராணி. ஈரலில ஒண்டு, மஞ்சள் காமாலைக் கிருமி. மற்றது எச்.ஐ.வி. இந்த எச்.ஐ.வி. தன்னைப் பிரதி எடுக்கேக்க பிழை விடும். அப்பிடிப் பிழையாப் பிறந்த ஒண்டு இப்ப எங்கட மருந்துக்கு மசியுதில்லை."

"மத்ததெல்லாம் சாகுதுங்களா?"

"சாகுது. அது மட்டும் பெருகுது. புது மருந்து வருமட்டும் இந்தக் குளிசையை நிப்பாட்டிப் போடாதேங்கோ."

"நான் ஏங்க நிப்பாட்டுறேன்? புருஷன் இந்தக் கிருமியக் கொண்டாந்து விட்டுட்டுச் செத்தாரு. நான் சாக மாட்டேன்."

இப்போது மாலை ஆறு மணி, குளிசை விழுங்கும் நேரம். கூரைத் தகரத்தில் மழை கொட்ட, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டிலிருந்து வாடையும் வாளியில் புளித்த பாலின் நாற்றமும் ஈரக்காற்றோடு உள்ளே வந்து படர, அவள் தேநீருக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தாள். சுவருக்கு அப்பாலும் ஒரு கேத்தல் அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது, கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் கோணலாக.

"யாரு அங்க?"

"யாடு அங்க?" என்றது சுவர்.

அவள் குரல்தான்.

"யாடு ஆங்க?" இன்னொரு தொண்டை.

"யாது அங்க?" இன்னொன்று.

பிறகு தெளிவாக, பிசகே இல்லாமல்: "யாரு அங்க?"

லயத்தில் யாரைக் கூப்பிடுவது? யாரும் வரமாட்டார்கள். குளிசையை மடியில் முடிந்துகொண்டாள். விறகு பிளக்கும் கோடரியை எடுத்தாள். மழையில் இறங்கினாள். பக்கத்துப் பூட்டு இரண்டே அடியில் உடைந்தது.

உள்ளே அவள்தான் நின்றாள்.

சுவரோரமாக வரிசையாக, அதே பால் கறை படிந்த சட்டையில். ஒருத்திக்குக் கட்டைவிரல் இடம் மாறியிருந்தது. ஒருத்திக்குக் காது கன்னத்தில். ஒருத்தியின் உதடுகள் ஒட்டிக் கிடந்தன, உள்ளே நாக்கு முட்டியது. கதவருகே நின்றவளிடம் மட்டும் எந்தப் பிழையும் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஓடலாம். எங்கே?

"இது என் ஒடம்புடி" என்றாள். "ஒருத்திக்கும் விட்டுத்தர மாட்டேன்."

மடியை அவிழ்த்துக் குளிசையைத் தண்ணீரில்லாமல் விழுங்கினாள். எதிரே எல்லாக் கைகளும் வாய்க்குப் போயின. எல்லாத் தொண்டைகளும் ஏறி இறங்கின.

கடைசியில் நின்றவள் சரிந்தாள். அடுத்தவள். அடுத்தவள். நனைந்த சாக்கு விழும் சத்தம்.

"போங்கடி!" ஜீவராணி சிரித்தேவிட்டாள்.

கதவருகே நின்றவள் விழவில்லை. நாக்கை நீட்டினாள். நுனியில் குளிசை கரையாமல் இருந்தது. அதை எடுத்து ஜீவராணியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து, அவளைப் போலவே, பிழையில்லாத இன்னொருத்தி எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

ஜீவராணி வாசலை விட்டு நகரவில்லை. கோடரியை ஓங்கினாள்.

எதிரே, இருட்டின் கடைசி வரைக்கும், கோடரிகள் உயர்ந்தன.