பின்னால் குத்திய தாள்

மூன்றாவது முறையாக அதே இறப்புப் படிவம் மேசைமேல் கிடந்தது. ஆஸ்பத்திரிப் பதிவறையின் எழுத்தர் அதை இரண்டு தடவை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். ஏழு மாத வயிற்றோடு குனிந்து நிமிர்ந்த வலி இன்னும் முதுகில் இருந்தது.

சன்னலில் மதிய வெயில் காய, பழைய தாள்களின் புழுங்கல் நெடியோடு, பால் கக்கிய துணியின் வாடையும் எங்கிருந்தோ வந்தது. அலமாரிக்குள் இழுத்து இழுத்து விடும் சின்ன மூச்சு. எலிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வார்டு நர்ஸ் தலையை நீட்டினாள். "அக்கா, காலைல போன குழந்தைக்கு என்ன காரணம் எழுத? டாக்டர் கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிட்டார். ரத்த ரிசல்ட் வரல."

"எப்பவும் போல மூச்சுத் திணறல்னு போடு. ரிசல்ட் வந்தா படிவத்துக்குப் பின்னாடி குத்திக்கலாம்."

"அத யாரு பாக்கப்போறா?" நர்ஸ் சிரித்துக்கொண்டே போனாள்.

பதினோரு வருடமாக இதே கதைதான். அந்த முடிவைப் படித்தால் முதல் பக்கத்தைத் திருத்த வேண்டும், மேலிடத்துக்கு எழுத வேண்டும், தாயைத் தேடிப் பிடித்து மருந்து கொடுக்க வேண்டும். யாருக்கு வேண்டும் இந்தத் தலைவலி?

படிவத்தை எடுத்தாள். ஈரமாக இருந்தது. தாய் என்ற கட்டத்தில் அவள் பெயர். ஒன்பதே நாள் உயிரோடு இருந்துவிட்டுப் போன அவளுடைய மூத்த மகளின் படிவம். வேறு யாரும் எழுதக்கூடாது என்று அழுதுகொண்டே அவளே எழுதியது: மூச்சுத் திணறல்.

பின்னால் ரத்த ரிசல்ட் தாள் ஒன்று. விடுப்பு முடிந்து வந்த அன்று, குவிந்து கிடந்தவற்றோடு இதையும் பார்க்காமல் குத்தியிருக்கிறாள்.

'தாயிடமிருந்து வந்த தொற்று. தாய்க்கு உடனே சிகிச்சை தேவை. இல்லையேல் அடுத்த கருவுக்கும் பரவும்.'

போன தடவையே எல்லாம் பார்த்தாயிற்றே என்று இந்த முறை ரத்தப் பரிசோதனைக்கு டிமிக்கி கொடுத்தவள் அவள்.

நர்ஸைக் கூப்பிட வாய் திறந்தாள். மூச்சுச் சத்தம் இப்போது அலமாரியில் இல்லை. மேசைக்கடியில். மடியில்.

வலது கை தானாகப் பேனாவை எடுத்தது. புதுப் படிவம். தாய் என்ற கட்டத்தில் அவள் பெயர். இன்றைய தேதி.

வேண்டாம்.

இடது கையால் பிடித்து இழுத்தாள். நிற்கவில்லை. காரணம்: மூச்சுத் திணறல். பேனா அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. இறந்த நேரம்: மூன்று பத்து.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று ஒன்பது. வயிற்றில் பிள்ளை ஓங்கி ஓர் உதை உதைத்தது.