மூழ்கிய கப்பலின் மணி

"மணியைக் காணோம் சார். தொல்லியல் ஆபீஸ்ல என்மேலதான் சந்தேகம். கிடைக்கலைன்னா லைசென்ஸை ரத்து பண்ணிடுவாங்க."

துப்பறிவாளரைத் தேடி வந்து சொன்னாள் அந்தப் பெண். ஆழமில்லாத கடலில் கிடக்கும் பழைய கப்பலுக்கு ஆட்களைக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் கூட்டிப்போவது அவள் தொழில், அவள் தம்பிதான் வழிகாட்டி. கப்பலின் உத்தரத்தில் தொங்கிய வெண்கல மணி காணாமல் போயிருந்தது.

துப்பறிவாளருக்கு நீச்சல் தெரியாது. எனவே அவர் கயாக்கில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார, நீருக்கடியில் பார்த்தபடி மூச்சுவிட உதவும் குழாயைக் கடித்துக்கொண்டு அவர் மனைவிதான் குதித்தாள். இதற்காகவே காத்திருந்தவள் போல.

சிறிது நேரத்தில் தலையை நீட்டினாள். "என்னங்க, உத்தரத்துல பாசி ஒரு பட்டையா வழிச்சிருக்கு. கயிறு உரசின தடம். கட்டையும் உளுத்துப் போச்சு, தொட்டா உதிருது. நேத்து ஒரு போட்டோக்காரன் தனியா வந்தான்னு இவங்க சொன்னாங்களே, அவன் வேலைதான் இது!"

"அவசரப்படாதே" என்றவர், பக்கத்துக் கயாக்கில் இருந்த அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "மணியைக் கயாக்ல ஏத்த முடியுமா?"

"கவிழ்ந்துடும் சார். பெரிய படகு இந்தப் பாறைகளைத் தாண்டி வராது."

"தம்பி ஆளுங்களை மணிக்குக் கீழேதான் கூட்டிட்டுப் போவாரா?"

"முன்னெல்லாம் அப்படித்தான். இப்ப அந்தப் பக்கமே விடமாட்டேங்கிறான். நீரோட்டம் மோசமாம்."

"நீரோட்டமா? குளம் மாதிரி கிடக்கே!" என்றாள் மனைவி.

அவர்கள் கரைக்குத் திரும்பியதும் தம்பியும் வந்து நின்றான். துப்பறிவாளர் நிதானமாகச் சொன்னார்: "திருடனா இருந்தா அறுத்துக் கீழே தள்ளியிருப்பான். இது கயிறு சுத்தி மெதுவா இறக்கின வேலை. கயாக் தாங்காது, படகும் வராது. அப்போ மணி கப்பலை விட்டுப் போகலை, மணலுக்குள்ள இருக்கு. அது யார் தலையிலயாவது விழுந்திடுமோன்னு பயந்த ஒருத்தர்தான் இறக்கியிருக்கணும். சரிதானே தம்பி?"

அவன் உடைந்துபோனான். "ஒரு சின்னப் பொண்ணு கீழே நீந்தறப்போ உத்தரம் கிறீச்சுன்னுச்சுக்கா. உன்கிட்ட சொன்னேன், நீ 'சீசன் முடியட்டும்டா'ன்னுட்டே. அதான் நானே இறக்கிட்டேன். ஆபீஸ்காரங்க வந்ததும் வாயே வரலை. உத்தரம் விஷயம் தெரிஞ்சா உன் பொழப்பு போயிடுமேன்னு…"

அக்கா கையை ஓங்கிவிடுவாள் என்றுதான் மனைவி பதறினாள். அக்காவோ கைப்பேசியை எடுத்துத் தொல்லியல் ஆபீசுக்குப் பேசினாள்.

"சார், மணியை யாரும் திருடலை. கப்பலடி மணல்லதான் இருக்கு. ஆனா உத்தரம் உளுத்திருக்கு. எனக்கு முன்னாடியே தெரியும். அதைச் சரிபண்ற வரைக்கும் நான் யாரையும் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

பேசி முடித்தவள் தம்பியைப் பார்த்தாள். "அழாதடா. வா, கயாக்கையெல்லாம் மேலே இழுத்துப் போடுவோம்."