நிழலிடாத முகம்

சனிக்கிழமை காலை ஜெபமாலை முடிந்ததும் மாதா சுரூபத்தைச் சங்குமுனை மருத்துவமனைக்குள் தூக்கி வருவார்கள். பின்னாலேயே மைப்புட்டியும் தூரிகையுமாகப் பெனிட்டா கொரைரா வருவாள். அவள் அரசு மைச்சாட்சி. புகைப்படம், வீடியோ, கருவி காட்டும் எண் எதையும் பொய்யாய்ச் செய்துவிடலாம் என்று ஆன பிறகு, சத்தியம் செய்த ஒருவர் நேரில் பார்த்துக் கையால் வரைந்த மைப்படம்தான் கோர்ட்டிலும் கோயிலிலும் ஆஸ்பத்திரியிலும் செல்லும். யார் குணமானார் என்பதையும் அதுதான் சொல்லும்.

படங்களைப் படிக்கச் சித்திரவாசிப்பி என்றொரு இயந்திரம் இருந்தது. அற்புதம் என்றால் என்னவென்று அதற்குப் பாடம் சொன்னவை ஐரோப்பிய மடங்களில் பதினேழாம் நூற்றாண்டில் பரோக் பாணியில் வரைந்த மைச் சித்திரங்கள். அந்த ஓவியர்களிடம் வெளிச்சத்துக்கென்று மை கிடையாது. உலகம் முழுவதையும் பழுப்பு மையால் இருட்டாக்கிவிட்டு, தேவ அருள் விழுந்த இடத்தில் மட்டும் தாளை வெறுமனே விட்டுவிடுவார்கள். விட்ட வெள்ளைதான் அற்புதம். வாசிப்பி அந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

அன்று கடைசிக் கட்டிலில் இருந்தவள் பெனிட்டாவின் தம்பி மகள் அன்சி. நுரையீரல் கெட்டு, மூச்சுக்கருவியின் தயவில் இருந்தாள். சொந்தக்காரரை வரையக் கூடாது என்று யாராவது சட்டம் போட்டிருக்கலாம்; போடவில்லை. கட்டில், திரை, முழங்காலிட்டிருந்த தம்பி லூர்தன் என்று எல்லாவற்றுக்கும் பெனிட்டா நிழல் போட்டாள். குழந்தையின் முகத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. உதட்டோரக் கருமையை வரைந்தால் சாவையே வரைந்த மாதிரி. எத்தனையோ பேர் முகத்தில் உள்ளதை உள்ளபடி போட்டவளுக்கு இந்த முகத்தில் மனசு வரவில்லை. தூரிகையைக் கீழே வைத்தாள்.

தூரிகை கீழே போனால் சாட்சி முடிந்தது என்று அர்த்தம். வரைபலகையிலிருந்த வாசிப்பியின் கண் படத்தைப் படித்து, வெள்ளையாக விட்ட முகத்தைக் கண்டு அற்புதம், குழந்தை குணமானாள் என்று பதிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் மூச்சுக்கருவி வேறொரு நோயாளிக்குப் போய்விட்டது.

“நான் அற்புதம் எதையும் பாக்கல சார். மனசு வராமத்தான் விட்டேன்,” என்றாள் பெனிட்டா, வாசிப்பி அதிகாரியிடம்.

“அது மையில இல்லையேம்மா.” பாவம், அவர் நல்ல மனிதர்தான். “முதல்ல வரைஞ்சதுதான் சாட்சி. ரெண்டாவது படத்த அது ஏத்துக்காது.”

“டாக்டர் பாத்தா தெரியாதா?”

“டாக்டர் சத்தியம் பண்ணினவரு இல்லையே.”

வார்டில் மெழுகுவர்த்தியோடு கூட்டம் நெருக்கியது. கருவியைக் கழற்ற லூர்தனே சம்மதம் கொடுத்திருந்தான். அழுகையும் சிரிப்புமாக நின்றான்.

“லூர்தா, அது தப்புப் படம்டா. புள்ளைக்கு ஒண்ணும் சரியாகல. கருவியத் திருப்பிக் கேளு.”

“நீ பொய் வரைய மாட்டக்கா, ஊருக்கே தெரியும்,” என்று அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான் லூர்தன். “இப்பம் பயத்துல பேசுத.”

பெனிட்டாவுக்கு ஆத்திரமாக வந்தது. அவன் மேல் இல்லை, இத்தனை வருஷம் கட்டிக்காத்த தன் நல்ல பேரின் மேல். கூட்டத்தைப் பார்த்தும் கத்திச் சொன்னாள். அவர்கள் அவளுக்கும் சேர்த்து ஜெபித்தார்கள்.

கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். அன்சியின் நெஞ்சு குழிவிழுந்து ஏறியது. அவள் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, எனக்குச் சரியாயிட்டுன்னு எல்லாரும் சொல்லுதாவ.” மூச்சு வாங்க நிறுத்தினாள். “நான்தான் ஒழுங்கா மூச்சு விடலயா?”