நட்சத்திரக்குறி போட்ட பேச்சு

மூலங்காணி என்ற பொறி வந்த பிறகு சென்னையில் "இதை நான்தான் முதல்ல சொன்னேன்" என்ற சண்டையே இல்லை. வதந்தியோ மீன்குழம்புப் பக்குவமோ, பத்து வீட்டில் அது எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டு, முதலில் சொன்ன வாய் எது என்று பொறி கணக்கிட்டுவிடும். கோர்ட்டே அதை ஏற்கிறது.

அதை ஆக்கியவர் மொழியியல் பேராசிரியர் செண்பகவல்லி. சமஸ்கிருத 'பரதி', கிரேக்க 'ஃபெரோ', தமிழுக்கும் வந்து சேர்ந்த 'பாரம்' ஆகியவற்றை வைத்து, எந்த ஏட்டிலும் இல்லாத 'பெர்' என்ற வேரை அவர் துறையினர் மீட்டிருந்தார்கள். பொருள், சுமத்தல். பொறியும் இதே முறையில்தான் கணக்கிடுகிறது. இப்படி மீட்ட சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக்குறி போடுவார்கள். யாரும் பார்த்ததில்லை, ஆனால் இருந்தே தீர வேண்டும் என்று அர்த்தம்.

இன்று அவருக்கு வயிறு எரிந்தது. பக்கத்து அறை ராயப்பனின் புத்தகத்துக்குப் பரிசு. மனிதர்கள் முதலில் சுமந்தது மூட்டையை அல்ல, குழந்தையை என்பதுதான் புத்தகத்தின் வாதம். செண்பகவல்லி ஆறு வருடம் முன்பே அதைக் கட்டுரையாக எழுதிவிட்டார். ஒருவரும் சீந்தவில்லை. ராயப்பன் சொன்னால் மட்டும் கைதட்டுகிறார்கள்.

நேராகப் பரிசுக்குழுவிடம் போனார். "அது என் கருத்து. பொறியில போட்டுப் பாருங்க."

"பொறியெல்லாம் வேண்டாம், செண்பகம்," என்றார் அங்கிருந்த ராயப்பன். "நான் ஒண்ணு சொல்லணும்."

"பொறி சொல்லட்டும்."

கட்டுரை, புத்தகம், வகுப்புக் குறிப்புகள் எல்லாம் உள்ளே போயின. திரையில் மூலம் வந்தது, முன்னால் நட்சத்திரக்குறியோடு. ஏழு வருடம் முன்பு, கேன்டீனில், ராயப்பன் செண்பகவல்லியிடம் சொன்னது: "எம்பொண்ண இடுப்புல தூக்கினப்பதான் தோணுச்சு. மனுஷன் முதல்ல சுமந்தது பிள்ளையத்தான்."

"இப்படி ஒரு பேச்சே நடக்கல," என்றார் செண்பகவல்லி. "பதிவு எங்க? நட்சத்திரம் போட்டதையெல்லாம் நம்பறதா?"

"அப்ப 'பெர்'னு ஒரு வேர் இருந்ததும் பொய்யா, மேடம்?" என்று குழுத்தலைவி கேட்டார்.



"எனக்கும் அந்தப் பேச்சு ஞாபகம் இல்ல," என்றார் ராயப்பன். "உங்க கட்டுரையப் படிச்சுத்தான் எடுத்துட்டேன்னு ஆறு வருஷமா நினைச்சிட்டிருந்தேன். பரிசு உங்களுக்குத்தான்னு சொல்லத்தான் இங்க வந்தேன்."

முடிவை ஏற்பதாகப் பொறியை ஆக்கியவர் கையெழுத்திட வேண்டும். செண்பகவல்லி போட்டார். நிமிர்ந்தபோது, ஆறு வருடப் பாரம் இறங்கிய நிம்மதி ராயப்பன் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்து செண்பகவல்லிக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.