அம்மா போன முதல் பேருந்து

தையற்காரி கொண்டுவந்த தாள் மேசையை விடப் பெரிதாக இருந்தது. நான்கு தலைமுறையைக் கோடு கோடாகப் போட்டு, பெட்டி பெட்டியாகப் பெயர் எழுதி, அப்பா அம்மாவின் பழைய படத்தை நடுவில் ஒட்டியிருந்தாள். அவர்களுக்குக் கீழே ஒரே ஒரு பெட்டி. அது காலியாக இருந்தது.

"இதுல என் பேரை எழுதலாமா கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க சார்," என்றாள்.

அவள் கேட்டது, பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவரிடம். தாத்தா பெயரில் சந்தேகம் வந்தால்கூட ஊர்க்காரர்கள் அவர் வீட்டுப் படிதான் ஏறுவார்கள். கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவருடைய மைத்துனர், கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கூப்பிடாமலே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மனிதர் சரியான முந்திரிக்கொட்டை. ஆனால் நல்ல மனசு.

தையற்காரியின் அம்மா இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அம்மாவின் பெட்டியில் அவளுடைய பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. மே மாதம், நகரத்து மருத்துவமனையில் பிறந்ததாக அதில் இருந்தது.

"அம்மா சொன்னது வேற சார். அப்பாவுக்கு அணை கட்டுற இடத்துல கம்பி கட்டுற வேலை. அங்கேயே தகர ஷெட்டுல, கொட்டுற மழையில நான் பிறந்தேனாம். அப்பாவோட மழைக்கோட்டுலதான் சுத்தி வெச்சாங்களாம். அத்தைகிட்ட இதைக் கேட்டேன். 'அந்தக் காகிதம் உன்னோடது இல்லடி'ன்னாங்க. அப்புறம் ஒரே அழுகை, வாயே திறக்கல."

"அப்போ தத்தெடுத்த பிள்ளைதான் மச்சான். இதுல யோசிக்க என்ன இருக்கு," என்றார் மைத்துனர்.

தையற்காரியின் முகம் விழுந்துவிட்டது. எழுத்தர் ஒரு பார்வை பார்த்தார், மைத்துனர் கப்சிப்.

"அம்மா உங்ககிட்ட எப்படி இருந்தாங்க?"

"மத்த நாளெல்லாம் எனக்காக உயிரையே விடுவாங்க சார். பிறந்தநாள் அன்னிக்கு மட்டும் முதல் பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடுவாங்க. பொழுது சாயத்தான் வருவாங்க. செருப்பு பூரா சேறு, மீன் வாடை. எங்க போனீங்கன்னு கேட்டா பதில் வராது. இன்னொண்ணு, என்னை ஒரு நாள்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. எனக்குப் பேரன் பிறந்த பிறகும் 'பாப்பா'தான். பெத்தவளா இருந்தா பேரைச் சொல்ல வாய் வராதா?"

ஐம்பது வயதில் தாயைப் பற்றி இப்படிக் கேட்க நேர்வது கொடுமைதான்.

எழுத்தர் படத்தைக் குனிந்து பார்த்தார். நிறைமாத வயிற்றோடு அம்மா நின்றிருந்தாள். பக்கத்தில் அப்பா. வேறு யாரும் இல்லை.

"நான் வயித்துல இருந்தப்போ எடுத்து அத்தைக்கு அனுப்பினது," என்றாள் தையற்காரி.

அவர் பிளேடை நுழைத்துப் படத்தைக் கிழியாமல் பிரித்து எடுத்தார். பின்பக்கம் ஸ்டுடியோவின் தேதி முத்திரை இருந்தது. அதைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"வகுப்புல நீங்க எப்படி? உயரமா?"

"எல்லாரையும் விடக் குள்ளம். சுண்டைக்காய்னு கூப்பிடுவாங்க."

"இந்த முத்திரையைப் படிச்சுப் பாருங்க. சான்றிதழ்ல இருக்கிற மே மாசத்துக்கு மறுவருஷம் செப்டம்பர். அந்தக் காகிதத்துப் பிள்ளைக்கு அப்போ பதினாறு மாசம் ஆகியிருக்கணும். படத்துல அது இல்ல. வயித்துல இன்னொரு பிள்ளை இருக்கு. மழைக்காலம் வரப்போகுது."

மைத்துனர் எழுந்தே விட்டார். "ரெண்டு பிள்ளையா?"

"ரெண்டு பிள்ளை, ஒரு காகிதம். நீங்க ஷெட்டுல பிறந்தவங்க, உங்களுக்குன்னு சான்றிதழ் எடுக்கல. பள்ளிக்கூடத்துல கேட்டப்போ அப்பா வீட்டுல இருந்ததை நீட்டியிருப்பார். காகிதத்தோட அதுல இருந்த பேரும் பிறந்தநாளும் உங்களுக்கு வந்துடுச்சு. ஒன்றரை வயசு கூட்டிச் சேர்த்தா குள்ளமாத்தான் தெரியும். நீங்க அவங்க பெத்த பிள்ளைதாம்மா. ஆனா மூத்தவ இல்ல."

"அப்போ அந்த மூத்தவ..."

"மே மாசம் ஊரெல்லாம் மண்ணு காய்ஞ்சு கிடக்கும். அம்மா செருப்புல மட்டும் சேறு எப்படி வந்துச்சு?"

பதில் மைத்துனருக்குத் தெரிந்திருந்தது. இந்தத் தடவை மெதுவாகத்தான் சொன்னார். "அணையில தண்ணி இறங்கும் மச்சான். வேலைக்காரங்க இருந்த ஷெட்டெல்லாம் தண்ணிக்குள்ளதானே போச்சு. நல்ல கோடையில மட்டும் அந்த இடம் வெளிய தெரியும்."

"தண்ணி வர்றதுக்கு முன்னாடி அங்க புதைச்சிருப்பாங்க," என்றார் எழுத்தர். "அத்தைகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அக்கா போனப்போ எத்தனை மாசம்னு."

தையற்காரி கைபேசியை எடுத்துக் கேட்டாள்.

"பதினோரு மாசம்," என்றது அத்தையின் குரல். "சுவரைப் பிடிச்சு நடக்க ஆரம்பிச்சிருந்தா. ரெண்டு நாள் காய்ச்சல். உங்கப்பா கட்டின அணைத் தண்ணிதான் அவ மேல நிக்குது. அதைச் சொல்லிச் சொல்லியே அவன் செத்தான். அந்தப் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட உங்கம்மாவுக்கு மனசு வரலடி."

தையற்காரி தாளின் மேல் கவிழ்ந்து அழுதாள். அம்மாவை எத்தனை பிறந்தநாளில் மனதுக்குள் திட்டியிருக்கிறாள்! எழுத்தர் தடுக்கவில்லை; தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு அவள் காலிப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி போட்டாள். முதல் பெட்டியில், இத்தனை வருடமாகத் தான் கையெழுத்துப் போட்டுவந்த பெயரை எழுதினாள். இரண்டாவதில் 'பாப்பா' என்று எழுதினாள்.

"சான்றிதழ்ல இருக்கிற தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த வருஷம் அக்காவைப் போய்ப் பார்க்க அம்மா இல்ல. அணைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு சார்?"

"நாலே முக்காலுக்கு," என்றார் மைத்துனர்.