மீன்தின்னிச் சங்கு

மரவள்ளிக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்த சட்டியில் ரிசிகியின் இடதுகை விரல் பட்டது. சுடவில்லை. திருப்பிப் பார்த்தாள், விரல் நுனி சிவந்து கொப்புளம் கண்டிருந்தது. வலி மட்டும் வரவேயில்லை.

காலையில் கடல் நன்றாக வற்றியபோது பாறைத்திட்டுக்குச் சங்கு பொறுக்கப் போயிருந்தாள். கூடை நிரம்பிவிட்டதால், பெம்பாத் தீவின் கரைப் பெண்கள் எல்லாரும் செய்வதுபோலக் கடைசி இரண்டு சங்குகளை இடுப்புத் துணி மடிப்பில் செருகிக்கொண்டாள். வீட்டில் அவற்றை எடுக்கும்போது விரலில் ஏதோ உரசியது. துணியில் ஒட்டிய முள் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நண்பகல். ஆண்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். சதை அழுகிக் கழல முற்றத்து மணலில் புதைத்த பழைய சங்குகளின் அழுகல் நாற்றம் ஜன்னல் வழியே வந்து, அடுப்புப் புகையோடு கலந்து தொண்டையில் நின்றது. பாயில் அவளுடைய ஒன்பது மாத மகன் கொம்போ தவழ்ந்துகொண்டிருந்தான். வெளியே நாத்தனார் சுபிரா மீன் கழுவினாள்.

"அண்ணி, சமையல் ஆச்சா, இல்ல சட்டிகூடக் கதை பேசுறியா?"

"விரல் மரத்துப் போச்சு சுபிரா."

"வேலைன்னா உனக்கு விரல் மட்டுமா மரக்கும், ஒடம்பே மரக்குமே!"

ரிசிகிக்குச் சிரிப்பு வரவில்லை. பாயில் உட்கார்ந்து அந்த இரண்டு சங்குகளையும் எடுத்தாள். இரண்டின் மேலும் பழுப்புத் தோல். அதைச் சுரண்டினால்தான் ஓட்டின் கோலம் தெரியும். முதலாவது கனமாக இருந்தது, வாய் வெறும் கீறல். புழுதின்னி, ஆளைக் கொல்லாத வகை. அப்பாடா என்றிருந்தது.

இரண்டாவது முட்டையோடுபோல லேசாக இருந்தது. வாய் அகலம். கத்தியால் சுரண்டினாள். தோலுக்கடியில் வலைக்கோலம் தெரிந்தது. மீன்தின்னி. போன வருஷம் இது வாய்க்குழலை நீட்டிக் குத்தித்தான், சங்கு பொறுக்கப் போன பக்கத்து வீட்டு ஹமாத் கரை சேருமுன்பே மூச்சடங்கினான்.

முழங்கை மரத்திருந்தது. பிறகு தோள். கண்ணிமை தானாக இறங்கியது.

சுபிரா என்று கூப்பிட்டாள். உதடு சேரவில்லை. காற்றுதான் வந்தது.

சாய்ந்தாள். சங்கு உருண்டது.

கொம்போ திரும்பினான். சிரித்தான். எட்டிப் பிடித்தான்.

எழ வேண்டும். கால் இல்லை. கை இல்லை. பாதிக் கண் மட்டும்.

"பையன் சத்தமே காணோமே, தூங்கிட்டானா அண்ணி?"

அவன் சங்கை வாய்க்குக் கொண்டுபோனான். அதன் அகன்ற வாயிலிருந்து சிவப்பாக ஒரு குழல் மெல்ல நீண்டு, அவன் கீழுதட்டைத் தடவியது.