இங்கேதான் தூங்கினேன்!

தலை நெதர்லாந்தில் கிடந்தது.

கால்கள் பெல்ஜியத்தில்!

உடம்பு முழுசாகத்தான் இருந்தது. எல்லைக்கோடுதான் வீட்டுக்குள் புகுந்து, மாடிப்படியின் அடியை ஒட்டி, வீட்டுக்காரக் கிழவர் ஃபிர்மினின் இடுப்புக்குக் குறுக்கே ஓடியது.

பார்லே ஊரில் இது சகஜம். சிலர் பெல்ஜியத்தில் சமைத்து நெதர்லாந்தில் சாப்பிடுவார்கள். வாசற்கதவு எந்த நாட்டில் திறக்கிறதோ, வீடு அந்த நாட்டுக் கணக்கு.

"கதவு உங்க பக்கம்... அப்ப பொணமும் உங்க பக்கம்தான்!"

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த டச்சு போலீஸ்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு மழையில் மறைந்தார்.

பெல்ஜிய இன்ஸ்பெக்டர் மார்லீன் தைஸ் குனிந்து பார்த்தாள்.

"கழுத்து முறிஞ்சிருக்கு, ஜெஃப்."

"தானா விழுந்திருப்பாரோ, மேடம்?" ஜெஃப் ஆன்ட்வெர்ப்பிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரன்.

"சட்டையைப் பாரு. ரெண்டு பட்டன் பிஞ்சிருக்கு. யாரோ நெஞ்சுல கை வெச்சுத் தள்ளியிருக்காங்க."

"யாரோ என்ன யாரோ!"

வாசலில் குரல். எதிர்வீட்டு ஓடெட். பிணத்தை முதலில் பார்த்து அலறியவள் அவள்தான். அலறல் ஓய்ந்து இப்போது உற்சாகம் வந்திருந்தது.

"நான் பாத்தேன் மார்லீன்! அந்த மேல்வீட்டுக் கறுப்பன்! மஞ்சள் மழைக்கோட்டு... தலையை மூடிக்கிட்டு... சைக்கிள்ல பறந்தான்!"

"முகத்தைப் பாத்தீங்களா?"

"முகம் எதுக்கு? அந்தக் கோட்டை இந்த ஊர்ல வேற யாரு போடுறா?"

"ஓடெட், முகத்தைப் பாத்தீங்களா இல்லையா?"

"...இல்ல."

"அதைத்தான் கேட்டேன். வீட்டுக்குப் போங்க."

ஓடெட் முணுமுணுத்தபடி போனாள்.

ஜெஃப் அழைப்பு மணிக்குக் கீழே ஒட்டியிருந்த பெயர்களைப் படித்தான்.

"யாவ்... ஹன்னெகா. இவ டச்சுப் பொண்ணா? அவங்க நாடு அடுத்த அறையிலயே இருக்கு. நம்ம பக்கத்துல எதுக்கு வாடகை வீடு?"

"புருஷன் கானாக்காரன். இவளுக்கு அரைநாள் வேலை. அந்தச் சம்பளத்துக்கு அவ நாடு அவனை உள்ள விடாது."

"நம்ம நாடு விடுமா?"

"ஐரோப்பியப் பிரஜை இன்னொரு ஐரோப்பிய நாட்டுக்குக் குடி போனா, கட்டினவனும் கூடவே போகலாம். அது சட்டம். இங்க சில மாசம் நிஜமா குடித்தனம் நடத்திட்டா, அப்புறம் அவனைச் சொந்த ஊருக்கே கூட்டிட்டுப் போயிடலாம்."

"சொந்த வீட்டுக்குள்ள போக, பக்கத்து வீட்டு ஜன்னல்ல ஏறிக் குதிக்கணுமா!"

"குதிக்கலாம். ஆனா நிஜமா குடியிருக்கணும். பொய்யின்னு தெரிஞ்சா குடியிருப்பு அட்டை போச்சு... புருஷனும் போச்சு."

"நிஜமா பொய்யான்னு யாரு பாக்குறது?"

மார்லீன் மாடியேறினாள்.

பார்ப்பவள் அவள்தான். ஏரியா இன்ஸ்பெக்டர். இதே அறைக்கு முன்பு இரண்டு தடவை சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாள். அலமாரியைத் திறந்து ஆண் உள்ளாடை இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். போர்வைக்குள் கை விட்டு, படுக்கையின் இரண்டு பக்கமும் சூடு இருக்கிறதா என்று தடவியிருக்கிறாள். ஹன்னெகா சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள் அப்போது. 

வீட்டுக்குப் போனதும் மார்லீன் கையை சோப்புப் போட்டுக் கழுவினாள். இரண்டு தடவையும்!

இன்றும் படுக்கை கசங்கியிருந்தது. ஒரு பக்கம் மட்டும்.

"மேடம்!" கீழேயிருந்து ஜெஃப். "ஆள் சிக்கிட்டான்!"

வாசலில் யாவ் நின்றிருந்தான்.

நல்ல உயரம். தொப்பலாக நனைந்த ஸ்வெட்டர். தோளில் ஒரு பை. ஜெஃப் அவனை வாசலிலேயே மறித்து நின்றதால் உள்ளே கிடந்தது அவனுக்குத் தெரியவில்லை.

"யாவ்! நேத்து ராத்திரி எங்க தூங்கின?" மார்லீன் படியிலிருந்தே கேட்டாள்.

கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

"இங்கதான் மேடம்! மேலதான்! தினமும் இங்கதான்!"

"காலையில?"

"காலையிலயும் இங்கதான்! என் பொண்டாட்டி பக்கத்துல... அந்த ஜன்னல் பக்கம் நான், கதவு பக்கம் அவ!"

கேட்காததற்கும் பதில்.

ஜெஃப் விலகி நின்றான்.

யாவ் பார்த்தான். படிக்கட்டு... கிழவர்... திறந்த வாய்...

"ஐயோ கடவுளே!"

"காலையில இவரைத் தள்ளினப்ப வீட்ல இருந்தது நீதான்னு நீயே சொல்ற."

"நான்... இல்ல மேடம்... நான் அப்ப..."

 

"அப்ப எங்க இருந்த? சொல்லு."

"...இங்கதான்."

"இப்ப எங்கேர்ந்து வர்ற?"

"வாக்கிங்."

"இந்த மழையில?"

"எனக்கு மழை பிடிக்கும் மேடம்."

"கோட்டு இல்லாம? உன் மஞ்சள் மழைக்கோட்டு எங்க?"

யாவ் தன் நனைந்த கைகளைப் பார்த்தான். பிறகு பிணத்தைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ ஒன்று மெல்லப் புரிந்தது.

"கோட்டு... எதுக்குக் கேக்குறீங்க?"

"அதைப் போட்டுக்கிட்டு ஒரு ஆள் இங்கேர்ந்து ஓடினதை எதிர்வீட்டம்மா பாத்திருக்காங்க."

யாவ் தோள் பையைக் கீழே இறக்கி வைத்தான்.

"நான்தான்," என்றான் யாவ்.

"என்ன?"

"நான்தான் தள்ளினேன். எழுதிக்கோங்க."

"எதுக்குத் தள்ளின?"

"சண்டை."

"என்ன சண்டை?"

"அது... சாதாரண சண்டை மேடம். வீட்டுக்காரன், குடித்தனக்காரன் சண்டை!"

ஜெஃப் விலங்கை எடுத்தான். கேஸ் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் அவனுக்குச் சந்தோஷம். மார்லீனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"முனையில இருக்கிற ரொட்டிக் கடையில இவன் பொண்டாட்டி வேலை பாக்குறா. கூட்டிட்டு வா."

யாவ் திடுக்கிட்டான். "அவ எதுக்கு மேடம்? நான்தான் ஒத்துக்கிட்டேனே! அவளை விட்ருங்க!"

ஹன்னெகா கூட்டி வரப்படவில்லை... ஓடி வந்தாள்! ஏப்ரன் முழுக்க மாவு. தலைமுடி ஈரம். விலங்கு போட்ட கைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இவனை எதுக்குப் பிடிச்சீங்க?"

"அவனே ஒத்துக்கிட்டான். ராத்திரி இங்கதான் தூங்கினானாம், காலையில தள்ளினானாம்."

"முட்டாள்!" ஹன்னெகா புருஷன் பக்கம் திரும்பினாள். "யாவ், என்ன சொல்லித் தொலைச்ச?"

"நீதானே ஹன்னெ சொல்லிக் குடுத்த? எந்தப் போலீஸ் எப்பக் கேட்டாலும் ஒரே பதில், யோசிக்காம சொல்லணும்னு."

"அது கட்டிலைப் பத்திக் கேட்டா! கொலையைப் பத்திக் கேட்டா இல்லடா!"

மார்லீன் குறுக்கே வந்தாள்.

"ஹன்னெகா, அவன் எங்க தூங்கினான்? நீ சொல்லு."

"சொல்லாத!" யாவ் கத்தினான். "சொன்னா எல்லாம் போயிடும்!"

ஹன்னெகாவின் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தப் பக்கம், நெதர்லாந்துல... ப்ரேடாவுல. எங்க அம்மா வீட்ல."

"நேத்து மட்டுமா?"

"தினமும்... அம்மாவுக்கு பக்கவாதம் வந்ததிலேர்ந்து. முதல்ல இங்கதான் குடியிருந்தோம் மேடம், அது நிஜம். அப்புறம் அம்மா விழுந்துட்டாங்க. ராத்திரி அவங்களைத் திருப்பிப் படுக்க வைக்கணும், தூக்கணும். எனக்குத் தூக்க முடியல. இவனுக்கு முடியும். காலையில நர்ஸ் வந்ததும் பஸ் பிடிச்சு இங்க வந்துடுவான்."

"அப்ப நான் வந்து பாத்தப்ப... கட்டில்ல ரெண்டு பக்கமும் சூடா இருந்துச்சே?"

ஹன்னெகா ஈரத் தலைமுடியை ஒதுக்கினாள்.

"நான்தான். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் படுப்பேன். கொஞ்ச நேரம் இந்தப் பக்கம்."

ஜெஃப் சிரிக்கப் போனான். மார்லீனின் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டான்.

"ஒரு தடவைகூட என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"என்னன்னு சொல்றது மேடம்? நீங்க எங்க போர்வைக்குள்ள கை விட்டுக்கிட்டு இருந்தீங்க."

மார்லீன் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னிக்குக் காலையில நீ எங்க இருந்த?"

"நானும் அங்கதான். அம்மா வீட்ல. அங்கேர்ந்து நேரா கடைக்கு வந்தேன்."

"உங்க அம்மாகிட்ட கேக்கலாமா?"

"வேணாம்!" யாவும் ஹன்னெகாவும் ஒரே நேரத்தில்.

"அவங்களால சரியாப் பேச முடியாது," என்றாள் ஹன்னெகா அவசரமாக.

"மெதுவாப் பேசட்டும். ஜெஃப், நம்பர் வாங்கு. ஸ்பீக்கர்ல போடு."

மணி அடித்தது. நர்ஸ் எடுத்து, போனை நோயாளியின் காதருகில் வைத்தாள்.

"ஹலோ..." குழறலான குரல். 

"வணக்கம் அம்மா. உங்க மருமகன் யாவ் ராத்திரி எங்க இருந்தாரு?"

"ஏன்... அவனுக்கு ஏதாச்சும் ஆபத்தா?"

"நீங்க சொல்றதுலதான் இருக்கு."

"இங்கதான் இருந்தான்! ராத்திரி பூரா! என்னைத் திருப்பிப் போட்டதே அவன்தான்... இவங்க கல்யாணத்துக்குக்கூட நான் போகல, தெரியுமா? இப்ப அவன் இல்லாம என்னால ஒருக்களிச்சுப் படுக்க முடியல... அதை யார்கிட்ட போய்ச் சொல்ல..." விசும்பல்.

"நர்ஸ் வர்றவரைக்கும் இருந்தாரா?"

"இருந்தான். சத்தியமா. எனக்குக் கஞ்சி குடுத்தான். அவன் நல்லவன், விட்ருங்க."

"விட்டுடறோம் அம்மா. உங்க பொண்ணும் கூட இருந்தாங்களா?"

ஹன்னெகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஹன்னெகாவா? அவ விடியறதுக்குள்ள கிளம்பிட்டாளே! தினமும் அப்படித்தான். மழைன்னு அவன் மஞ்சள் கோட்டை மாட்டிக்கிட்டு சைக்கிள்ல போனா... ஏன்? பார்லேக்கு வந்து சேரலையா?"

"...வந்துட்டாங்க அம்மா. நன்றி."

ஜெஃப் போனை அணைத்தான்.

மகளை மாட்டி வைத்தது தெரியாமல், மருமகனைக் காப்பாற்றிய சந்தோஷத்தில் ஒரு தாய் ப்ரேடாவில் படுத்திருந்தாள்.

யாவ்தான் முதலில் பேசினான்.

"ஏன் ஹன்னெ வாயைத் திறந்த? நான்தான் ஒத்துக்கிட்டேன்ல?"

"நீ ஜெயிலுக்குப் போறதுக்கா உன்னை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்?"

அவள் படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்தாள். பிணத்துக்கு மிக அருகில். மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு பேசினாள்.

"கதவு பக்கம் படுத்துட்டு எந்திரிச்சேன். ஜன்னல் பக்கம் படுக்கப் போறேன்... திரும்பினா அறை வாசல்ல இவரு! பனியனுக்கு மேல சட்டை மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. எவ்வளவு நாளா பாத்துக்கிட்டு இருந்தாரோ தெரியல. சிரிக்கிறாரு."

"என்ன சொன்னாரு?"

"'ஏம்மா ஒத்தை ஆளா கஷ்டப்படுற? அந்தப் பக்கத்தை நான் சூடு பண்ணித் தரேன். இல்லேன்னா மார்லீனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்றேன்'னாரு."

யாவ் பல்லைக் கடித்தான். விலங்குச் சங்கிலி சத்தமிட்டது.

"வெளிய ஓடி வந்தேன். மாடிப்படி கிட்ட கையைப் பிடிச்சாரு. தள்ளினேன். அவ்வளவுதான் மேடம். அவ்வளவுதான் செஞ்சேன்."

"ஏன் கத்தல? எதிர்லயே ஓடெட் இருக்காங்களே! எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா..."

ஹன்னெகா முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"கத்தினா போலீஸ் வரும். வந்ததும் முதல் கேள்வி என்ன கேப்பீங்க? 'புருஷன் எங்க?'ன்னுதானே?"

மார்லீன் தலையசைத்தாள். அந்தக் கேள்வியைத்தான் கேட்டிருப்பாள். கிழவர் மிரட்டப் பயன்படுத்தியது அவளுடைய பெயரை! கீழே கிடந்தவரின் முகத்தைவிட, மாடியில் அந்தக் கட்டிலைத் தடவிய தன் கைதான் அவளுக்குக் கண்ணில் நின்றது.

"ஜெஃப்... அவன் விலங்கைக் கழட்டு."

"பொய் வாக்குமூலம் குடுத்தானே மேடம்?"

"கழட்டுன்னு சொன்னேன்! கழட்டு!"

விலங்கு கழன்றது. யாவ் நகரவில்லை.

"மேடம்," ஹன்னெகா தயங்கினாள். "சாயங்காலம் அம்மாவைத் திருப்பணும். நர்ஸ் இருக்க மாட்டாங்க. அவனை ப்ரேடாவுக்குப் போக விடுவீங்களா?"

"போகலாம். அட்டை இன்னும் செல்லும். எல்லை தாண்டிப் பயணம் போக அவனுக்கு உரிமை இருக்கு."

"தங்க?"

மார்லீன் இல்லை என்று தலையாட்டினாள்.  இவள் இங்கே வாழ்ந்ததால்தான் அவனுக்கு அந்த அட்டை. அவர்கள் இங்கே வாழவில்லை என்று இப்போது இரண்டு போலீஸ் முன்னிலையில் சொல்லியாயிற்று.

"பஸ் வந்துடும், யாவ். போ," என்றாள் ஹன்னெகா. "அம்மாகிட்ட எதுவும் சொல்லாத. கடையில வேலை அதிகம்னு சொல்லு."

"இன்னொரு பொய்யா?"

"கடைசிப் பொய்."

அவன் குனிந்து அவள் தலையில் முத்தமிட்டான். திரும்பிப் பார்க்காமல் மழையில் நடந்தான். எதிர்வீட்டு ஜன்னல் திரை சட்டென்று மூடியது. வெட்கம் ஓடெட்டையும் விட்டு வைக்கவில்லை போல!

விலங்கு மாட்டி ஹன்னெகாவை ஜீப்பில் ஏற்றினார்கள். ஜெஃப் முன்சீட்டில் உட்கார்ந்து, கைது செய்தவர்களிடம் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான்.

"பேரு?"

"ஹன்னெகா."

"எந்த நாட்டுப் பிரஜை?"

"நெதர்லாந்து."

"குடியிருக்கிறது?"

அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு விலங்கை உயர்த்திக் காட்டினாள்.

"பெல்ஜியம்தான் சார்... இந்தத் தடவை சத்தியமா!"